டவர் வளைவில் வந்த குரல்

அனுசியாவுக்குச் சபையில் எஸ்தர் என்று பெயர். ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் வைத்தது. அவரைத் தவிர யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏலக்காய் கிட்டங்கியில் கூட உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்களுக்கு அவள் அனுசியாக்கா. போடி பஸ் ஸ்டாண்டுப் புரோட்டாக் கடையில் பகலெல்லாம் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற புருஷன் முத்துக்கண்ணனுக்கு வெறும் ‘ஏய்’. போனில் மட்டும் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘அட்மின்’ என்று இருந்தது.

சபையின் வாட்ஸப் ஜெபக் குழு கொரோனா காலத்தில் ஆரம்பித்தது. பாஸ்டர் கொஞ்ச நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பார்த்துவிட்டு, நீயே நடத்தும்மா என்று அனுசியாவிடம் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அடுப்புப் பற்றவைக்கும் முன் பூப்படம் போட்ட வசனம் ஒன்றை அனுப்புவது அவள் வேலை. அதற்குப் பிறகு நாள் முழுக்க விண்ணப்பங்கள் வந்து விழும். மூட்டுவலி, மகனுக்குப் பெண் அமையவில்லை, தேவாரம் ஊரில் யானை இறங்கித் தென்னங்கன்றை மிதித்துவிட்டது. எதுவானாலும் முதல் ‘ஆமென்’ அனுசியாவுடையதாக இருக்கும். அதன் பின்னால்தான் மற்றவர்கள் வரிசையாக வருவார்கள். ஆமென் விழாமல் கிடக்கிற விண்ணப்பத்தைப் பார்த்தால் பந்தியில் யாரும் உட்காராத இலையைப் பார்த்தது போல அவளுக்கு ஒரு தவிப்பு. மடியில் காய் பொறுக்குகிற சொளகு இருக்கும்போதே ஒற்றை விரலால் தட்டிவிடுவாள்.

அவளைச் சபைக்குக் கொண்டுவந்தது மொக்கம்மாள் என்று ஊரில் சொல்வார்கள். கொண்டுவந்தாள் என்பது சரியில்லை. அனுசியாவின் முதல் பிள்ளை மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் அது. பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் அண்ணன் மகனைப் பார்க்க வந்த மொக்கம்மாள், அவன் தேறி வீட்டுக்குப் போன பிறகும் வந்துகொண்டிருந்தாள். ஜெபம் என்று வாயைத் திறக்கவில்லை. பீத்துணியை அலசிப் போட்டாள். அனுசியாவைக் குளிக்க அனுப்பிவிட்டு, பிள்ளையின் பாதத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. எல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, எதற்காக அக்கா இவ்வளவும் செய்தாய் என்று அனுசியா கேட்டாள்.

“ஆள் இல்லாம இருந்தியே” என்றாள் மொக்கம்மாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் அனுசியா சபைக்குப் போனாள். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் புதுச் சட்டை போடுகிற முத்துக்கண்ணன் தடுக்கவும் இல்லை, கூடப் போகவும் இல்லை.

மொக்கம்மாள் ராசிங்காபுரத்துக்காரி. புருஷன் இல்லை. ஒரே மகள் சூர்யகலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மொக்கம்மாளுக்குக் காய் எடுக்கிற வேலை. தினமும் விடியலில் ஜீப்பில் ஏறிப் பொழுதுசாய இறங்குகிறவர்கள் உண்டு. அவள் அந்தக் கூட்டமில்லை. வாரம் முழுக்கத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளின் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை இறங்கி, ஞாயிறு சபைக்கு வந்துவிட்டு, திங்களன்று ஏறிவிடுவாள்.

தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. டவர் எட்டாது. பேசி அனுப்பினால் அது போனுக்குள்ளேயே சின்னக் கடிகாரக் குறியோடு காத்துக் கிடக்கும். திரும்பி வருகிற ஜீப்பு மெட்டைத் தாண்டி, போடிப் பக்கம் இறங்குகிற ஒரு வளைவுக்கு வந்ததும் கீழே உள்ள டவர் பிடிக்கும். அந்த இடத்தில் எல்லார் மடியிலும் பையிலும் ஒரே நேரத்தில் போன் கத்தும். டிரைவர்கள் அங்கே ஒரு பீடி நேரம் நிறுத்துவார்கள். டவர் வளைவு என்றே அதற்குப் பேராகிவிட்டது. மலைக்குப் போனவர்களிடமிருந்து செய்தி வந்தால் ஆள் வளைவுக்கு வந்தாயிற்று என்று கீழே இருப்பவர்களுக்கு அர்த்தம். உலை வைப்பார்கள். சோறு வடிக்கவும் ஆள் வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருக்கும்.

ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கிட்டங்கியில் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், ஜெபக் குழுவில் மொக்கம்மாளின் குரல் பதிவு வந்து விழுந்தது. நீளமான பதிவு. அனுசியா காதில் வைத்தாள். ‘அனுசி, ஏசப்பாவுக்குத் தோத்திரம். எனக்கு ரெண்டு நாளா நெஞ்சு வலிக்குது’ என்பதுவரை கேட்டாள். சூப்பர்வைசர் தலையைத் திருப்பியதும் போனை இறக்கினாள். செவ்வாய்க்கிழமையில் இறங்குகிறாளே, உடம்பு முடியாமல்தான் இருக்கும் என்று நினைத்தாள். வளைவுக்கு வந்துவிட்டாள் என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வரத்தான் போகிறாள், மிச்சத்தை நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம், ஒரு ரசம் வைத்துக் கொடுக்கலாம். ‘ஆமென்’ என்று தட்டினாள். அடுத்த நிமிஷமே கைகூப்புகிற படங்களும் ஆமென்களுமாகக் குழு நிறைந்தது.

மொக்கம்மாள் இறங்கி வரத்தான் செய்தாள். அன்று காலை காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது செடிக்குள்ளேயே சாய்ந்துவிட்டாள். தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. ஜீப்பின் பின்பக்கம் படுதாவில் சுற்றிக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இடுப்புச் சுருக்குப்பையில் போன் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜீப்பை ஓட்டிய சுருளிவேல் அதைப் பிற்பாடு பலரிடம் சொன்னான்.

“வளைவு திரும்புறேன். எல்லாப் போனும் அடிக்குது. அதுவும் அடிக்குது, படுதாவுக்குள்ள இருந்து. உசுரோட இருக்குறவுக போனு மாதிரியேதான் அடிக்குது. ஒருத்தரும் தன் போன எடுக்கல. நானும் பீடிக்கு நிறுத்தல.”

அடக்கம் முடிந்த பிறகு சபைக்காரர்களுக்கு அந்தப் பதிவைப் பார்க்கவே முடியவில்லை. செத்துப்போன பிறகு அனுப்பியிருக்கிறாள் என்றார்கள். டவர் கதை எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அப்படித்தான் சொன்னார்கள். நாலைந்து பேர் குழுவை விட்டு விலகினார்கள். சபைக்குப் பூ வாங்கி வருகிற ஈஸ்வரி, போனுக்கு ஜெப எண்ணெய் தொட்டு வைத்தாள். அதோடு அதன் ஸ்பீக்கரும் போயிற்று. யாரும் பதிவை முழுசாகக் கேட்கவில்லை. கேட்டால் என்ன இருக்குமோ என்ற பயம். மூச்சுத் திணறுவது இருக்கலாம். சாபம்கூட இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

பாஸ்டர் அனுசியாவைக் கூப்பிட்டு, சனம் மிரளுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை அழித்துவிடு என்றார். அட்மினால் முடியும். அவள் சரி என்றாள். கட்டைவிரலைப் பதிவின்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பாள். அழிக்கவா என்று போன் கேட்கும். எடுத்துவிடுவாள். கேட்கவும் துணிச்சல் இல்லை, அழிக்கவும் கை வரவில்லை.

காலையில் வசனத்தை அனுப்பினால் யார் யார் பார்த்தார்கள் என்ற வரிசை வரும். பார்க்காதவர்களில் மொக்கம்மாளின் படம். கிறிஸ்துமஸ் சேலையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. சொளகில் காய் உருளுகிற சத்தத்துக்கு நடுவில், ‘எனக்கு ரெண்டு நாளா நெஞ்சு வலிக்குது’ என்று அந்தக் கொஞ்சம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். வலிக்குது என்பதற்குப் பிறகு அவள் ஒரு மூச்சு எடுத்திருந்தாள். அடுத்து ஏதோ சொல்வதற்கு எடுத்த மூச்சு. அதோடு நிற்கும். எந்த வீட்டில் யார் போன் அடித்தாலும் அனுசியாவுக்குப் படுதா ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாவுச் செய்தி எட்டும் முன், யாரும் வராத வீட்டில் தான் ரசம் வைத்ததும் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், கிட்டங்கிக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘மொக்கம்மாக்கா’ என்று இருந்தது. கிறிஸ்துமஸ் சேலை, சுருங்கிய கண்கள். அனுசியா அங்கே கிடந்த சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

சூர்யகலா. அம்மாவின் போனை அவள்தான் திருப்பூருக்குக் கொண்டுபோயிருந்தாள். பதிவை அழிக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

“அழிச்சிராதீக சித்தி. எனக்குக் கேக்க தைரியம் வரல. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. என்னையப் பத்தி ஏதும் சொல்லியிருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”

இனித் தட்டிக்கழிக்க வழியில்லை. ஏலத்தூசி குவித்திருந்த அந்தச் சந்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அனுசியா பதிவைப் போட்டாள். இந்த முறை அந்த மூச்சுக்குப் பிறகும் கேட்டாள்.

‘…அத விடு, அது என் சோலி. நான் சொல்ல வந்தது அடுத்த ரூமுப் பிள்ளைக்கு. புல்மணின்னு பேரு, ஜார்க்கண்டுக்காரப் பிள்ளை. கூட வந்த சனமெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருச்சு. நான் கீழ வந்திருந்தப்ப இவளுக்குக் காலுல, செடி கழிக்கிற கவாத்துக் கத்தி பட்டு வீங்கிப்போச்சு, காய்ச்சலா கொதிக்குது. நடக்க முடியல. எவனோ ஒருத்தன் கதவத் தட்டுனான்னு பயந்துபோய், உள்தாப்பாளப் போட்டுக்கிட்டு அரிவாள வச்சுக்கிட்டு கிடக்குறா. ஒருத்தருக்கும் தொறக்க மாட்டேங்குறா. நான் போய், “மணீ, நான்தான், தொறத்தா”ன்னு கூப்புட்டாத்தான் தொறக்குறா. பாஷ தெரியாது, என் தொண்டையத் தெரியும். இவள விட்டுட்டு நான் எறங்க முடியாது, போன மட்டும் சாயங்கால ஜீப்புல குடுத்து விடுறேன். அனுசி, பாஸ்டர் ஐயாட்டச் சொல்லி ஒரு ஜீப்பு பிடிச்சு யாராச்சும் வெரசா வாங்க. ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கல. ஆனா ஆமென்னு போட்டுட்டு விட்றாதீக.’

அவ்வளவுதான். கடைசியில் ஓர் இருமல்.

அதற்குக் கீழே முதல் ஆமென் அனுசியாவுடையது. அதற்குக் கீழே மற்றவர்களுடையது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

அவள் பாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பதிவை அவர் காதில் விழும்படி ஓடவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு, ஆமென் போட்டவர்களில் தானும் ஒருவன் என்றார். முழங்கால் மாற்றிய மனுஷன், ஜீப்பில் ஏற முடியாது. சுருளிவேலிடம் அவரே பேசி, மறுநாள் காலை போகிற நடையில் அனுசியாவுக்கு முன்சீட்டுச் சொன்னார். முத்துக்கண்ணன் போலீஸ் கேஸாகிவிடும், வடக்கத்திப் பிள்ளை, உனக்கெதுக்கு வம்பு என்று ஒரு பாட்டம் பேசினான். காலையில் புரோட்டா பார்சலும் தனியாகச் சால்னாவும் ஒரு பழைய கம்பளியும் எடுத்துவந்து ஜீப்பில் வைத்தவனும் அவன்தான்.

மலை மேல் மூட்டம். லயத்துக்கு எதிரே ஏலச்செடிகள் தலைக்கு மேல் நின்றன, இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் தவிர வேறு இல்லை. மொக்கம்மாள் அறையில் பூட்டுத் தொங்கியது. அடுத்த அறை வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன ஈயத் தட்டு ஒன்றில் காய்ந்த சோறும் எறும்பும். ஒரு குடத்தில் தண்ணீர் மட்டும் பாதி குறைந்திருந்தது. ஆள் இல்லாதபோது கதவைத் திறந்து எடுத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது.

தோட்டத்து மேஸ்திரி காசிராஜன், கம்பத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதவை உடைக்கப் போனோம், உள்ளேயிருந்து அலறுகிறாள், அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று யாரோ சன்னலில் பார்த்தார்கள், அதோடு விட்டோம் என்றார். ஊர்க்காரர்கள் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம்.

மொக்கம்மாள் இறந்தது அவளுக்குத் தெரியுமா என்று அனுசியா கேட்டாள்.

“எந்தப் பாஷையிலத்தா சொல்றது?” என்றார் காசிராஜன்.

அனுசியா கதவைத் தட்டினாள். பெயரைச் சொன்னாள், சபையைச் சொன்னாள், புரோட்டா கொண்டுவந்திருப்பதைச் சொன்னாள். உள்ளே ஏதோ நகர்ந்தது. பிறகு, சின்ன மிருகம் உறுமுவது போல ஒரு சத்தம். சுருளிவேல் தான் பேசிப் பார்க்கிறேன் என்றதும் உள்ளே இரும்பு தரையில் உரசியது. அனுசியா அவனைத் தள்ளிப் போகச் சொன்னாள்.

அப்போதுதான் போனில் இருந்த குரல் ஞாபகம் வந்தது. வந்த உடனே அதைப் போட்டுவிடவில்லை. கையில் எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் படியில் நின்றாள். மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த ஒருத்தியின் தொண்டை. அதைக் காட்டி ஒரு பிள்ளையை வெளியே வரவழைப்பது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. சத்தத்தைக் கூட்டி, பதிவில் அந்த இடத்துக்குத் தள்ளி, போனைக் கதவுப் பலகையோடு ஒட்டிப் பிடித்தாள்.

‘மணீ, நான்தான், தொறத்தா.’

மலையில் அந்தக் குரல் பெரிதாகக் கேட்டது. காசிராஜன் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சுருளிவேல் ஜீப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அனுசியா மறுபடி அதே இடத்துக்குத் தள்ளினாள்.

‘மணீ, நான்தான், தொறத்தா.’

உள்ளே தரையில் எதையோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளைச் சிலுவை. காலைப் பார்க்க முடியவில்லை, நாற்றமே சொன்னது. அவள் அனுசியாவைப் பார்க்கவில்லை. அனுசியாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். சிரிப்பு பாதிக்கு வந்திருந்தது. பிறகு இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. பிறகுதான் அனுசியாவின் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

கம்பளியைச் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் மறுக்கவில்லை. போனைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அனுசியா மறுபடி போட்டுக் காட்டினாள். பதிவு ஓடும்போது அந்தப் பெண் இடையிடையே தன் பாஷையில் பதில் சொன்னாள், ‘உம்’ கொட்டினாள், ஓர் இடத்தில் சண்டை போடுகிற மாதிரி என்னவோ கேட்டாள். மொக்கம்மாள் நிறுத்தாமல் பேசிக்கொண்டு போனாள். மெட்டு ஏறும்வரை இப்படியே போயிற்று. டவர் வளைவில் எல்லாப் போனும் கத்தியபோது புல்மணி எட்டி அனுசியாவின் கையைப் பிடித்தாள். சுருளிவேல் அன்றும் நிறுத்தவில்லை.

தேனி பெரியாஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. வாரத் தொடக்கத்திலேயே கொண்டுவந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்று டாக்டர், குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல் சும்மா சொன்னார்.

அனுசியா வராந்தாவில் நின்று குழுவுக்கு எழுதினாள். பகலில் ஆஸ்பத்திரியில் உட்கார ஆள் வேண்டும், துணி அலசத் தெரிந்தால் போதும், ஆமென் வேண்டாம். அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்களின் வரிசை நீண்டது. ஒருவரும் எழுதவில்லை. அவள் வார்டுக்குள் போய், கஞ்சி ஆற்றி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஒன்று வந்திருந்தது. எண்ணெய் வைத்துப் போனைக் கெடுத்த ஈஸ்வரி, மருமகன் போனிலிருந்து: ‘நாளைக்கு நான் வர்றேன். பஸ்சு எத்தன மணிக்கு?’

சூர்யகலாவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. என்ன சொல்வது என்று அனுசியா யோசித்தாள். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது; மகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம்.

“ஒன்னப் பத்தி ஒன்னும் சொல்லலடி. பக்கத்து ரூமுப் பிள்ளையப் பத்தித்தான்.”

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அது அப்படித்தான் சித்தி. நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலயும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு சூர்யகலா வைத்துவிட்டாள்.

மொக்கம்மாள் இல்லை என்பதை ஞாயிறு சாயங்காலம் புல்மணியிடம் சொன்னது, எதிர்க் கட்டிலில் கைமுறிந்து கிடந்த ஒரு பீகார்க்காரப் பெண். அனுசியா கேட்டுக்கொண்டதால் சொன்னாள். ரெண்டே வார்த்தை. புல்மணி அழவில்லை. முதலில் அனுசியாவைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தாள். வளைவில் பிடித்த அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். போனைக் கேட்கிறாள். போட்டுக் கேட்பதற்கா, அழிப்பதற்கா, சுவரில் அடிப்பதற்கா என்று அனுசியாவுக்குத் தெரியவில்லை. பாஸ்டர் சொன்ன ஞாயிறு முடிந்துகொண்டிருந்தது. பதிவு குழுவில் அப்படியே இருந்தது. போனின் பூட்டைத் திறந்து, பதிவை ‘மணீ’ என்கிற அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அவள் கையில் வைத்தாள்.

பிறகு ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு அலசப் போனாள். குழாயை மூடினால் வார்டில் என்ன சத்தம் வருகிறது என்று கேட்டிருக்கலாம். அவள் மூடவில்லை.